நான்காம் எண் பை

"மூலையில கிடக்கிறதையெல்லாம் பின்பக்கம் தூக்கிப் போடுப்பா, நாற்காலி போட இடம் வேணும்" என்று மேனேஜர் சொன்னதும், வாடகை நாற்காலி கொண்டுவந்த ஆள் தூண்டில் பைகளை ஒரே அள்ளாக அள்ளினார். தையல்காரி கூடத்திலிருந்து எழுந்து வந்து அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இதைத் தொடாதீங்க. நானே எடுத்து வைக்கிறேன்."

அந்த ஆள் பயந்து ஒதுங்கினார். புருஷன் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகாத பெண்ணிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்? காலை பத்தரைக்குக் கடற்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்த மனிதர், பதினொன்றரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். ஐம்பத்தெட்டு வயது. மூன்று மணிக்கு உடலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது மணி ஒன்று இருபது. மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் மேனேஜர் எடுத்துக்கொண்டார். இறந்தவரின் அண்ணன் அவர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அந்த மேனேஜர் நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

பைகள் ஆறு. அவளே தைத்தவை. கெட்டித் துணி, இரட்டைத் தையல், ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூலில் ஓர் எண். கடற்கரையின் கார் நிறுத்துமிடத்துக் காவலாளி, அவருடைய வேன் மேல் சாய்த்து வைத்திருந்த தூண்டில்களைப் பைகளில் செருகிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போயிருந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் எண் பை கையோடு மடிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஐந்தையும் ஆறையும் திறந்து பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கம்பு ஐந்து. நைலான் நரம்பின் நுனியில் தூண்டில் முள் ஐந்து.



அவள் புருஷனுக்கு ஊரில் தூண்டில்காரர் என்று பேர், ஆனால் மீன் பிடிக்கிறவர் இல்லை. பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர். தூண்டிலைக் கண்ணால்கூடப் பார்த்திராத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாகக் கரையில் நிற்கவைத்து, எந்த இடத்தில் அலை உடையாமல் கருப்பாகக் கிடக்கிறதோ அங்கே எறியச் சொல்வார். எறியும் முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கச் சொல்வார். சிக்கிய மீனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பக் கடலிலேயே விடச் சொல்வார். இதற்கு ஒரு தொழிலா என்று மேனேஜர் ஊரெல்லாம் சிரித்திருக்கிறார். "மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போறான். வேண்டாம்னா சும்மா கிடக்கிறான். பிடிச்சு விடுறதுக்கு ஒரு வாத்தியாராம்." தம்பி அடுத்த ஞாயிறும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். மணலை மட்டும் வீடு முழுக்க இறைத்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரோடு சண்டை போட்டது தையல்காரிதான். வாசலில் குழாய் போட்டு, வாளி வைத்து, காலைக் கழுவாமல் ஒரு ஆள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டது அவள்தான்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் யாரோ எறிந்த நரம்பு அறுந்து, முள் ஒன்று மணலுக்குள் போய்விட்டது. போகட்டும் என்று வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் அலையைப் பார்த்துக் கைகொட்டிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண் அதை மிதித்தாள். அவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஒரு மாதம் கடல் பக்கமே போகவில்லை. திரும்பப் போன நாளிலிருந்து ஒரு பழக்கம். போகும்போது முள்ளை எண்ணுவார், வரும்போது எண்ணுவார். வீட்டு வாசலில் நின்று, கேட்கிறவள் அவள் ஒருத்திதான் என்றாலும், ஊருக்கே அறிவிப்பதுபோலச் சொல்வார்: "ஆறு போச்சு, ஆறு வந்துச்சு." அவள் உள்ளிருந்து, "சரி, காலைக் கழுவிட்டு வாங்க" என்பாள். பதின்மூன்று வருடமாக ஒரு நாள்கூட எண்ணிக்கை பிசகவில்லை.

இன்று பிசகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு. வெயில் சாய்ந்ததும் அந்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

"அத்தான், ஒரு தூண்டில் குறையுது" என்றாள்.

மேனேஜர் கையில் ஒரு தாள் இருந்தது. செய்தித்தாளுக்குக் கொடுக்க வேண்டிய மரண அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். 'தனியார் நிறுவன அலுவலர் (ஓய்வு)' என்று ஆரம்பித்திருந்தார். தம்பி அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தது மூன்று வருடம், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

"போனா போகுதும்மா. இனிமே அது எதுக்கு?"

"முள் கரையில கிடக்கும். நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

நாத்தனார் வந்து தோளைப் பிடித்தாள். "உனக்கு என்ன ஆச்சு? அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவர்ற நேரம். நீ வீட்ல இல்லேன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேர் இங்க நாற்காலியில உக்காந்து பேசுவாங்க. அங்க சாயங்காலம் நானூறு பிள்ளைங்க வெறுங்காலோட ஓடும்."

"ஆள் அனுப்புறேன்" என்றார் மேனேஜர்.

"ஆளுக்கு இடம் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் வாழ்நாளில் தூண்டில் போட்டதில்லை. தூண்டிலுக்குச் சட்டை தைத்ததோடு சரி.

"தேடுவேன்" என்றாள்.

மேனேஜர் எழுந்தார். ஆணியில் தொங்கிய அவளுடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோபமாகக்கூடச் செய்யவில்லை, கடன் கேட்டு வந்தவனின் விண்ணப்பத்தை ஓரமாக வைக்கிற மாதிரி செய்தார். "புருஷன் கடைசியா வீட்டுக்கு வர்றப்போ பொண்டாட்டி வாசல்ல இருக்கணும். அதுக்கு மேல நான் எதுவும் பேச விரும்பலை."

அவளுக்கு உச்சிவரை சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து எங்கே போயிருந்ததோ, அவளுடைய பழைய குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"இருபத்தாறு வருஷமா அவர் வர்றப்பல்லாம் வாசல்ல நின்னிருக்கேன், அத்தான். இன்னிக்கு ஒரு நாள் அவர் எனக்காகக் காத்திருக்கட்டும். இன்னிக்கு அவருக்கு ஒரு அவசரமும் இல்லை."

நான்காம் எண் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தையல் மெஷினிடம் போனாள். இழுப்பறையைத் திறந்து, பாபின்களுக்கு அடியில் கையை விட்டு, இரண்டாவது சாவியை எடுத்தாள். எதையும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிற மனிதரோடு குடும்பம் நடத்தியவளிடம் எதற்கும் இரண்டாவது சாவி இருக்கும். மேனேஜருக்கு அது எப்படித் தெரியும்? போகிற போக்கில் அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"அலுவலர்னு போடாதீங்க. அவர் என்ன செஞ்சாரோ அதைப் போடுங்க."

வழியெல்லாம் அழுதாள். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுவது வசதியாக இருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் நின்றபோது மட்டும் நிறுத்திக்கொண்டு, பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மீட்புப் படையின் கோபுரத்தைத் தாண்டி மணலில் இறங்கியபோது மணி இரண்டு. ஆள் நடமாட்டம் குறைவு. தண்ணீர் ஓரமாகத் தலையைக் குனிந்து, ஊசி விழுந்த தரையைத் துழாவுகிற மாதிரி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு குடை தெரிந்தது. குடைக்கு அடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால், மணலில் நட்ட பிளாஸ்டிக் குழாயில் ஒரு தூண்டில். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நரம்பு நேராகக் கடலுக்குள் போயிருந்தது.

தையல்காரி நான்காம் எண் பையைக் கையில் எடுத்துக்கொண்டு குடைக்கு அருகே போனாள்.

"இது காலையில வந்த குடும்பமா?" என்று குடைக்காரியிடம் கேட்டாள்.

"ஆமாங்க, இவ என் பொண்ணு. நீங்க அவரோட…?" குடைக்காரி பையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணரை மணி நேரமா கெஞ்சுறோம். எழுந்திருக்க மாட்டேங்குறா. அவர் காலையில, 'நான் சொல்ற வரைக்கும் ரீலைச் சுத்தக்கூடாது, கையையும் எடுக்கக்கூடாது'ன்னு இவகிட்ட சொல்லிட்டு அந்தப் பக்கம் போனார், அப்புறம்தான்… இவங்க அப்பா பிடுங்கப் பார்த்தார். கையைக் கடிச்சுட்டா. அவர் லாட்ஜ் ரூமுக்குப் போய் மருந்து போட்டுக்கிட்டிருக்கார்." பிறகு இன்னும் தாழ்வாக, "நாங்க ஃபோன் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டோம். அவகிட்ட இன்னும் சொல்லலை. ஊசி போட்டுட்டு வந்துடுவார்னு சொல்லி வச்சிருக்கோம்."

சிறுமி திரும்பவில்லை. மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தையல்காரி அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"மாமா ஊசி போட்டுக்கிட்டாரா?" என்றாள் சிறுமி, கடலைப் பார்த்தபடியே.

"இல்ல. மாமா செத்துப்போயிட்டார்."

குடைக்காரி "ஐயோ" என்று முனகினாள். சிறுமி முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"அவரோட வீட்டுக்காரி. இந்தப் பையெல்லாம் நான்தான் தைச்சேன். இதுல நாலுன்னு போட்டிருக்கு பாரு. உன் கையில இருக்கிறதுதான் நாலு."

சிறுமி தூண்டிலின் அடியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிடி தளரவில்லை. "மாமா சொன்னாத்தான் சுத்தணும்."

"அவர் இல்லாதப்போ நான் சொன்னா அவர் சொன்ன மாதிரி."

"அப்போ எப்படிச் சுத்தணும், சொல்லுங்க பாக்கலாம்."

தையல்காரி வாயைத் திறந்தாள். இதென்ன பரீட்சை, இந்த நேரத்தில். ஆனால் பதில் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அவர் கூடத்தில் நின்று, துடைப்பத்தைத் தூண்டிலாகப் பிடித்துக்கொண்டு, மறுநாள் பிள்ளைகளிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்ப்பார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொல்வார். கொஞ்சம் வாயை மூடுங்களேன், தையல் கோணிப்போகுது என்று அவளும் கத்துவாள்.

"அலை உள்ளே வர்றப்போ அதோட சேர்ந்து சுத்தணும்" என்றாள். "அலை திரும்பிப் போறப்போ நிறுத்திடணும். அது இழுக்கும். இழுத்தா இழுக்கட்டும்னு பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அது களைச்சுப்போய் மறுபடி நம்ம பக்கம் வரும். அப்போ சுத்தணும்."

சிறுமி யோசித்தாள். பிறகு எழுந்து நின்றாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போய்த் தள்ளாடினாள். தையல்காரி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் சிறுமி.

அலை ஒன்று எழுந்து வெள்ளையாக உடைந்தது.

"சுத்து."

ரீல் கரகரவென்று சுற்றியது.

"நிறுத்து. பிடி. விடாதே. ம்… இப்போ சுத்து."

சிறுமி அழுதுகொண்டே சுற்றினாள். அழுகிறோம் என்பதைப் பொருட்படுத்தவில்லை, துடைக்கவும் இல்லை. நாலு அலை, ஐந்து அலை. ஏழாவது அலையில் ஈயக்குண்டு மணலில் உருண்டு வந்தது. அதன் பின்னால் வெறும் முள். காலையில் மாட்டிய இறால் துண்டு துப்புரவாகக் காணோம்.

"தின்னுட்டு ஓடிப்போச்சு" என்றாள் சிறுமி, ஆத்திரமாக.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத் தன் சிரிப்பின் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டாள். "தின்னட்டும் போ. முள்ளு வந்துச்சுல்ல, அது போதும்."

இடுப்புப் பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியால் நரம்பை நறுக்கி, முள்ளை உள்ளங்கையில் வாங்கி, கத்தரியோடு சேர்த்து இடுப்புப் பையில் போட்டாள். தூண்டிலைப் பைக்குள் விட்டு நாடாவை இழுத்தபோது, முடிச்சுப் போடுகிற வேலையைச் சிறுமி எடுத்துக்கொண்டாள். போட்ட முடிச்சு கோணல். தையல்காரி அதை அவிழ்க்கவில்லை.

அவள் தெருவுக்குள் திரும்பியபோது மணி மூன்றே கால். வண்டி வந்து அவரை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாசலில் இரண்டு வரிசை நாற்காலியும் நிறைந்திருந்தன. ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எல்லாத் தலையும் திரும்பின. நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் படியில் நின்றிருந்தார். இந்தக் கால் மணி நேரமாக என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்த முகம். தோளில் தூண்டிலோடு, தலை கலைந்து, முழங்கால்வரை ஈர மணலாக வருகிறவளைப் பார்த்ததும் ஒரு அடி விலகி வழி விட்டார். அவருடைய சட்டைப் பையில் சாவி துருத்திக்கொண்டிருந்தது.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசற்படியில் வந்து நின்றாள். திறந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. கூடத்தின் நடுவில் அவர் படுத்திருந்தார். கால்கள் வாசலைப் பார்த்திருந்தன. யாரோ சுத்தமாகக் கழுவி வைத்திருந்தார்கள்.

இடுப்புப் பையிலிருந்து முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே பார்த்து, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஆறு போச்சு, ஆறு வந்துச்சு."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளி நிறைந்து, கவிழ்த்துப் போட்ட குவளை அதன் மேல் மிதந்தது.

அவள் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. மணல் காலோடு படியேறி உள்ளே போனாள்.