குதிகாலில் வந்த எழுத்து

1934-ஆம் வருஷம் தை மாதம், அன்னூர்ப் பக்கம் மயிலாத்தாளின் வலது குதிகாலில் இருந்த வெடிப்பு ஒரு சீன எழுத்தாக மாறியது. பருத்தி விலை சரிந்திருந்த வாரம் அது. ஊர் முதலில் கண்டுகொள்ளவில்லை. வாத்தியார் குனிந்து பார்த்து, தமிழுமில்லை, தெலுங்குமில்லை என்று கைவிரித்தார். சீனாப்பட்டு சுற்றிவரும் காகிதத்தில் இதே சாயலைப் பார்த்ததாக ஜவுளிக்கடை வரதராஜுலு சொன்ன பிறகுதான், இது கிணற்றைப் பற்றிய சேதி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மயிலாத்தாளும் நம்பினாள், நம்பாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் நஞ்சுண்டன் ஆறு வருஷமாகக் கிணறு வெட்டி, அறுபதடியில் பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சித்திரைக்குள் தண்ணீர் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பீளமேட்டு மில்லுக்குப் போய்விடுவது என்றும் சொல்லிவிட்டான். அவளுக்கோ அந்த நாலு ஏக்கரை விட்டுப் போக மனசே இல்லை.

மாசியில் பட்டு மூட்டையோடு சைக்கிளில் சீனாக்காரர் வந்தார். கோயமுத்தூரில் தமிழ் கற்றவர், துணிக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார். குதிகாலைக் கண்டதும் மண்ணில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஊரிலிருந்து கடிதம் வந்து மூன்று வருஷமாகிறதாம். வலப்பக்கம் இருப்பது தோல், ஆதியில் அது ஒரு கை தோலை உரிக்கிற படம். இடப்பக்கம் இருப்பது மெல்ல நடப்பது, இங்கே ஓசைக்காக நிற்கிறது என்று மண்ணில் எழுதிக் காட்டினார். மொத்தத்தில் என்ன சொல்கிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"தோல் வெடிப்புங்க," என்றார்.

கால் வெடித்திருப்பதைச் சொல்லக் காலே சீன தேசம்வரை போகவேண்டுமா என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. மயிலாத்தாளுக்கு அழுகை முட்டியது. விளக்கெண்ணெய் தடவச் சொன்ன சீனாக்காரர், சைக்கிளில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னார்: அவர் ஊரில் மலைகளைப் படமாக எழுதுகிறவர்கள் பாறையின் வரிகளுக்குத் தீற்றும் கோட்டுக்கும் இதே எழுத்துதானாம்.

"பாறைக்குமாங்க?"

"பாறைக்குந்தானுங்க, அம்மணி."

மறுநாள் விடிந்ததும் அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிணற்றில் இறங்கினாள். தெற்குச் சுவரில் அதே எழுத்து மூன்றடி உயரத்துக்கு வெடித்திருந்தது. நஞ்சுண்டன் தினமும் அதன்மேல்தான் துண்டைத் தொங்கவிட்டு வந்தான். ஒரே நோவுக்கு ஒரே மருந்துதானே.

"ஏனுங்க, மூணு நாளைக்குக் கடப்பாரையைத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு, காலையும் மாலையும் பாறைக்குத் தடவினாள். நாலாம் நாள் பாறை இளகி வழிவிட்டது. இடுப்பளவு தண்ணீர் வந்தது, லேசான விளக்கெண்ணெய் வாசத்தோடு. விருந்தாளிகள் முகம் சுளித்தால், எங்கள் கிணறு அப்படித்தான் என்பார்கள் இருவரும்.

மில்லுக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியபோது நஞ்சுண்டன் யாரையும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினான். மேலே வந்ததும் மயிலாத்தாளை உட்காரச் சொல்லி, மிச்ச எண்ணெயை அவள் குதிகாலில் தடவிவிட்டான்.