ஒரு ‘ங்க’

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து பொம்மைக்காரி போனைத் தூக்கிக்கொண்டு என் பிரிவுக்கு ஓடிவந்தாள். அந்தத் துணிக்கடையில் எனக்கு ஜன்னல் ஸ்கிரீன் துணிப் பிரிவு. அவள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுகிறவள், அதனால் அந்தப் பெயர். "உன் தங்கச்சி சட்டசபையில பிச்சு உதறுறாங்க, வந்து பாரு!" என்றாள். சின்னத் திரையில் என் தங்கை ஒரு கையை மேசையில் ஊன்றியபடி நின்றிருந்தாள். சின்ன வயதில் என்னோடு சண்டைக்கு வரும்போதும் இப்படித்தான் நிற்பாள்.

"கடையில வேலை பாக்குற பொம்பளைங்க நாள் பூரா நிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எங்க அக்கா ஒருத்தங்க துணிக்கடையில இருக்காங்க. சாயங்காலமானா அவங்க காலைப் பார்க்க முடியல. நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா நிக்குது. அவங்க உட்கார ஒரு ஸ்டூல் போட்டா எந்த முதலாளி குடி முழுகிடும்?"

எத்தனை வருஷமாக ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசுகிறாள்! பிறந்த குலத்தைக் கேட்டு வாடகைக்கு வீடு தர மறுத்தவர்களைச் சந்தி சிரிக்க வைத்தாள். பஸ் கம்பெனியில் வேலை போனவர்களோடு வெயிலில் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் அவளுக்கு ஒரு அக்கா கிடைத்துவிடுவாள். "வாங்கக்கா, சொல்லுங்கக்கா." அவளுக்கு அக்காவாக இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். அந்த வார்த்தையை அவள் தெருத்தெருவாக வாரி இறைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் பெட்டியைத் திறந்து என் துணியை யாரோ உடுத்திக்கொண்டு திரிவதுபோல இருக்கும். இன்றைக்கு ஒருவழியாக அந்த வார்த்தை எனக்கே திரும்பி வந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னேன், பில் போடுகிறவர்களிடம் சொன்னேன், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன ஒரு அம்மாவிடம்கூடச் சொன்னேன். "அது நான்தான். என்னைத்தான் சொல்றா." பொம்மைக்காரி பக்கத்திலேயே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் என் கணவரிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். சிரித்தார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"நல்லா கேளு. 'ஒருத்தங்க'ங்கிறா. 'இருக்காங்க'ங்கிறா. உன் தங்கச்சி என்னைக்காவது உன்னை 'ங்க' போட்டுப் பேசியிருக்காளா? எருமைன்னுதானே கூப்பிடுவா?"

"சபையில எருமைன்னா சொல்லுவாங்க? மரியாதைக்குச் சொல்லியிருப்பா."

"சொல்லியிருப்பா, சொல்லியிருப்பா" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். மனுஷன் ஒரு நாளாவது நான் சந்தோஷமாக இருக்க விட்டிருக்கிறாரா? ஆனால் அந்த 'ங்க' காதில் புகுந்த கொசு மாதிரி போகவே இல்லை. பேச்சை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். கடைசியில் போனை எடுத்து அவளையே கேட்டுவிட்டேன்.

"அதுவா? உங்க கடையில பொம்மைக்கு டிரஸ் மாட்டுவாங்களே, அந்த அக்கா. ஆபீசுக்கு வந்து காலைக் காட்டினாங்க. அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கலக்கா."

"ஏன், என் காலுக்கு என்ன கேடு? என் கால்ல இல்லாத நரம்பா?"

அவள் குரலைத் தணித்து, "நீ என்கிட்ட காட்டவே இல்லையேக்கா" என்றாள். "அதுவுமில்லாம, உன்னைச் சொன்னா சொந்த அக்காவுக்கு ஸ்டூல் கேட்டு வந்திருக்கான்னு என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. புரிஞ்சுக்கோயேன்."

புரியாமல் என்ன? நன்றாகவே புரிந்தது. புரிந்துவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? மறுநாளிலிருந்து பொம்மைக்காரியோடு பேச்சை நிறுத்தினேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்தால் நான் துணி மடிக்கப் போய்விடுவேன். என் தங்கையைப் பார்க்க என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள், கள்ளி. சபையில் சொன்னது அவளைத்தான் என்று கடை முழுக்கத் தெரிந்துபோய், எல்லோரும் அவளிடம் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

சட்டம் நிறைவேறியது. கடைக்கு நீல பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. அவை உண்மையிலேயே போடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க என் தங்கை கேமராக்காரர்களோடு வந்தாள். பிரிவுக்குப் பிரிவு எங்களை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் ஸ்டூலை வைத்திருந்தார் சூப்பர்வைசர். அவள் சொன்ன பிறகு உட்கார வேண்டுமாம். அவளும் ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு உட்கார வைத்துக்கொண்டே வந்தாள். "உட்காருங்கக்கா. தைரியமா உட்காருங்க. இது யாரும் போடுற பிச்சை இல்ல, உங்க உரிமை." பொம்மைக்காரியின் முன்னால் வந்ததும் என் தங்கை அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கால் எப்படி இருக்கு? மாத்திரை போடுறியா? நீ முதல்ல உட்காருக்கா."

நீ. ஊரையே 'ங்க' போடுகிறவள் அவளிடம் நீ என்கிறாள். அந்தக் கூட்டத்தில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரே எழுத்துதான். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள், பாவி.

அடுத்தது நான். கடையின் மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் நீண்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் உட்காருங்க அக்கா."

"இருக்கட்டும் மேடம்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உட்காரும்மா, மேடம் சொல்றாங்க இல்ல?" என்றார். நான் அசையவில்லை. அப்போதுதான் என் தங்கையின் செருப்பைப் பார்த்தேன். வார் பதிந்த இடத்தில் பாதம் பன்னாக உப்பியிருந்தது. கணுக்காலுக்கு மேலே நரம்பு முடிச்சிட்டு நின்றது. அம்மாவுக்கு இருந்த அதே நரம்பு, எனக்கு இருக்கிற அதே நரம்பு. இவளும்தான் என்னிடம் காட்டவில்லை.

"முதல்ல நீ உட்காருடி, எருமை."

சொன்ன பிறகுதான் மைக் இருப்பது நினைவுக்கு வந்தது. கூரையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து என் 'டி' கடை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எங்களையே அண்ணாந்து பார்த்தார்கள், பொம்மைக்காரியும். என் தங்கையின் கீழுதடு துடித்தது. சின்ன வயதில் அழுவதற்கு முன்னாலும் துடிக்கும், சிரிப்பதற்கு முன்னாலும் துடிக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம், நடுவில் ஒரே ஒரு நீல ஸ்டூல்.