கொஞ்சம் சிரியுங்கோ

செல்வலட்சுமி எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது அவர் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியின் ஓரத்திலிருந்து அரிசி ஊறிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை நனைகிறதே என்று அவரே முதலில் கவனித்து, புடவைத் தலைப்பால் வாளியின் அடியைத் துடைத்தார். கீழே தெருவில் அவர் அழைத்து வந்த சுமை ஆட்டோ காத்திருந்தது. அவரை உள்ளே அழைக்கும் முன் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. என் கணவர் ஹரிஷங்கரின் ஏற்பாடு அது. கிரைண்டர் வாங்க வருபவர் தம் ஆதார் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் என் கைபேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும்.

அட்டையில் வெளிச்சம் பட்டு எண்கள் மங்கலாகத் தெரிந்தன. வலது கையில் கைபேசியைப் பிடித்தபடி, இடது கையை நீட்டி அட்டையின் ஓரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தேன்.

“இது எதுக்குக்கா?”

“ஒண்ணுமில்லை, ஒரு உறுதிக்காக மட்டும்தான். நீங்கோ போனதும் நானே அழிச்சுடறேன்,” என்றேன். பிறகு, ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்காதபடி, “கொஞ்சம் சிரியுங்கோ” என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

பழைய பொருட்களை விற்கும் அந்தச் செயலியில் விளம்பரத்தை எழுதியவள் நான்தான். ‘ஐந்து லிட்டர் கிரைண்டர். குறைவாகப் பயன்படுத்தியது. நல்ல நிலையில் உள்ளது.’ ஊரடங்குக் காலத்தில் மாவு விற்கலாம் என்று ஹரிஷங்கர் வாங்கிய இயந்திரம் அது. நான்காவது மாதமே புகைந்தது. மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கி வந்தோம். அதன் பிறகு பால்கனியில் துணி போர்த்திக் கிடந்தது. “ஓடறதோல்லியோ? அது போரும், எழுது” என்றார். எழுதினேன். பிழையில்லாமல் எழுதுவேன் என்ற பெயர் எனக்கு வீட்டில் உண்டு.

அட்டையைக் கேட்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு இதே செயலியில் எங்கள் சோபாவை விற்கப் போட்டபோது ஒருவர் தொலைபேசியில் பேசினார். “நானும் கல்பாத்தியாக்கும், அண்ணா” என்றார். எங்கள் பூர்வீக ஊர், எங்கள் வீட்டுப் பேச்சு, எங்கள் வீட்டு இழுவை. தேர்த் திருவிழாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, பணம் அனுப்புவதற்கென்று ஒரு க்யூஆர் கட்டக் குறியீட்டை அனுப்பினார். என் கணவர் அதை ஸ்கேன் செய்தார். பணம் வருவதற்குப் பதிலாகப் போயிற்று. அந்தக் குரலிடம் அவர் எந்த அட்டையும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். இன்னும் சரியாகச் சொல்வதானால், நம் பேச்சைப் பேசாதவர்களிடம் கேட்டார்.

செல்வலட்சுமி தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர். பஜார் ரோட்டில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வீடுகளுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறார். தோப்பும்படியில் ஒரு பெண்கள் விடுதிக்குத் திங்கட்கிழமை முதல் தினமும் பத்து லிட்டர் மாவு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் மாடிப்படியில் ஏறும்போதே என்னிடம் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டார்.

பால்கனியில் ஹரிஷங்கர் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார். கல் சுழன்றது. செல்வலட்சுமி தலையசைத்துவிட்டு வாளியின் மூடியைத் திறந்தார்.

“அரைச்சுப் பாத்துட்டு எடுத்துக்கிடுதேன், சார்.”

“சுத்தறதே, கண்ணுக்குத் தெரியலையா? எங்களை நம்பிக்கை இல்லையோ?”

“சும்மா எதுவும் சுத்தும், சார். அரிசி போட்டாத்தான் கொணம் தெரியும்.” அவர் சிரித்தார். “நீங்க எங்கிட்ட கார்டு கேட்டீங்கள்லா? நான் கிரைண்டர்ட்ட கேக்கேன். அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு நிமிடத்தில் அந்த வாடை வந்தது. ரப்பரும் வார்னிஷும் சேர்ந்து கருகும் வாடை. செல்வலட்சுமி மோட்டாரின் மேல் புறங்கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். மாவை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். “எரிஞ்சு மறுபடி கம்பி கட்டுன மோட்டாரு, அக்கா. பத்து லிட்டர் தாங்காது,” என்று என்னிடம்தான் சொன்னார், மெதுவாக. பிறகு மாவை வழித்து வாளியில் போட்டுக்கொண்டு, இரண்டு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி, எங்கள் கல்லைக் கழுவி, தரையில் தெறித்ததைத் துடைத்து, “வாரேங்க்கா” என்று இறங்கிப் போனார். வேறு எதுவும் நடக்கவில்லை. நடந்தது முழுவதும் இவ்வளவுதான்.

“ஒரு பாண்டிச்சி வந்து எனக்குக் கிளாஸ் எடுத்துட்டுப் போறா” என்றார் ஹரிஷங்கர். நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம். ஆயினும் எங்கள் வீடுகளில் அந்தச் சொல், எங்களுக்குப் பின்னால் மலை தாண்டி வந்தவர்களைக் குறிக்கும். எங்கள் முதுகுக்குப் பின்னால் அயலார் எங்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

படத்தை நான் அப்போதே அழித்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அது என் கைபேசியிலிருந்து கணவருடைய கைபேசிக்குப் போயிருந்தது. எங்கள் பகுதியின் வாங்கல் விற்றல் குழுவில் போடுவதற்காக மலையாளத்தில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ‘போலி வாடிக்கையாளர். வாங்குவதாக வந்து வீட்டை நோட்டமிடுகிறாள். எச்சரிக்கை.’

“தப்பு இருக்கா பாரு” என்று நீட்டினார்.

“இது வேண்டாமே” என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைபேசி என் முன்னால் நீண்டபடியே இருந்தது. பார்த்தேன். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். இதை எழுதும்போது என் நாக்கில் அந்த வார்னிஷ் கசப்பு ஊறுகிறது.

ஐந்தாம் நாள் செல்வலட்சுமி விசாரித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மிளகு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் கடிதங்கள் எழுதுகிறேன். மூட்டைகள் ஏறி இறங்கும் வாசலில், மிளகுத் தூசியில் தும்மியபடி நின்றிருந்தார்.

“ஹாஸ்டல் வார்டன் போன்ல என் மூஞ்சியக் காட்டுதாவ, அக்கா. ‘இது நீதானே’ங்காவ. நான் என்ன சொல்ல? நான்தான். மாவு வேண்டாம்னுட்டாவ. மூணு வீட்லயும் நிறுத்திட்டாவ. ரூம்காரரு இந்த மாசத்தோட காலி பண்ணுங்காரு.” அவர் அழவில்லை. “அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லுங்க. வார்டன்ட்ட ஒரு வார்த்த பேசுங்க. ஒங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

வார்டனின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். செய்கிறேன் என்று சொன்னேன்.

அன்று மாலை கணவரிடம் கெஞ்சினேன். “செரி, செரி” என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தம் கைபேசியைக் காட்டினார். படம் இல்லை. “ஆச்சு. இனி அழாண்டாம், கேட்டியா?” என் கைபேசியில் அதே குழுவைத் திறந்தேன். படம் இருந்தது. எல்லோரிடமிருந்தும் நீக்குவதற்கான கெடு முடிந்துவிட்டிருந்தது. அவர் தமக்கு மட்டும் நீக்கியிருந்தார். அது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. செல்வலட்சுமியை அழைத்து, “எடுத்தாச்சு” என்றேன்.

“ரொம்ப நன்றிக்கா. நீங்க நல்லாருக்கணும்.”

வார்டனை நான் அழைக்கவில்லை. அந்தத் தாள் என் கைப்பையிலேயே இருந்தது. பேருந்துச் சீட்டு எடுக்கும்போதெல்லாம் விரலில் பட்டது. எதையோ தொட்டுவிட்டதுபோல் கையை உதறிக்கொள்வேன்.

நேற்று மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிரில் அமர்ந்திருந்த ஸ்நேஹா தன் கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

“சேச்சி, இது கண்டோ? நிங்ஙடெ தமிழத்தியாணு. சாதனம் வாங்கான்னு பறஞ்ஞு வந்து வீடு நோக்கி வெச்சிட்டுப் போகுமத்ரே.”

படத்தின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை அனுப்பப்பட்டது என்று அதற்குப் பொருள். செல்வலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையின் பன்னிரண்டு எண்களும் தெளிவாகத் தெரிந்தன. நான் சாய்த்துப் பிடித்ததால் தெரிந்தன.

“சிரிக்குந்நது கண்டோ, கள்ளி!” ஸ்நேஹா இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். முகம் திரைக்கு வெளியே நகர்ந்தது. அட்டையின் ஓரம் வந்தது. அதைப் பிடித்திருந்த விரலும், மணிக்கட்டும், ஒற்றை வளையலும், வளையலில் கோத்துத் தொங்கிய ஊக்கும் வந்தன. “ஈ சேச்சி ஆராணோ? மிடுக்கியாணு, கேட்டோ. கார்டு பிடிச்சு வெச்சல்லோ!” அட்டையைப் பிடித்த அந்த அக்கா யாரோ, கெட்டிக்காரியாம்.

என் வலது கையில் தயிர்சாதம் பிசுபிசுத்தது. இடது கை மடியில் இருந்தது. புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்து மூடியிருந்தேன். எப்போது மூடினேன் என்று தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த ஊக்கு அதே வளையலில்தான் தொங்குகிறது. எப்போதாவது உதவும் என்று மாட்டிவைத்தது.

தலைப்பை விலக்கினேன். கையை எடுத்து மேசையின் மேல், அவள் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊக்கு மரத்தில் பட்டு மெல்ல ஒலித்தது. திரை மங்கத் தொடங்கியது. ஒளியைக் கூட்டுவதற்காக ஸ்நேஹா விரலை நீட்டினாள். அந்த விரல் பாதி வழியில், என் வளையலுக்கு நேர்மேலே நின்றது.