பத்து நாள் பொய்

பள்ளிவாசல்துறைக் கரையில் ஒரு வழக்கம். படகு கொள்ளாமல் கட்டா மீன் வந்திருந்தாலும், "என்ன பாடு?" என்று கேட்டவனிடம் "கறிக்கு ஏதோ கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால் கண்பட்டுவிடுமாம். நுஸ்ரா அந்தக் கரையில் பிறந்து, அந்தக் கரையிலேயே றிஸ்விக்கு வாழ்க்கைப்பட்டவள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை.

பத்து நாட்களுக்கு முன் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். இரண்டு மாதம் முந்திவிட்டதால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நுஸ்ரா பிழிந்து கொடுக்கும் பால் மூக்குக் குழாய் வழியே அவளுக்குள் இறங்கியது. காலையும் மாலையும் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் ஒரு மணித்தியாலம் படுக்கவைப்பார்கள். நுஸ்ரா நாள் முழுக்கக் காத்திருந்தது அந்த நேரத்துக்காகத்தான்.

அப்போதெல்லாம் தாதி ஷானிகா வந்து, "பிள்ளை எப்படி அம்மா?" என்று கேட்பாள். சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழ் நன்றாகவே வரும்.

"அசையுறாளே இல்ல மிஸ். ஏலாமக் கிடக்கிறா."

அந்த நேரத்தில் மகள் தாயின் விலாவில் உதை உதையென்று உதைத்துக்கொண்டிருப்பாள். முதல் நாட்களில் ஷானிகா பதறிப்போய் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து சிரிக்க மட்டும் செய்தாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன?

பதினோராம் நாள் காலை, கால் மணித்தியாலம் போயும் உதை வரவில்லை. பிள்ளையின் முதுகு சூடாகத்தான் இருந்தது. வயிற்றில் பட்ட பாதங்கள் மட்டும் சில்லிட்டிருந்தன. தலைமாட்டு இயந்திரத்தில் இலக்கங்கள் வழக்கம்போலவே ஓடின.

"மிஸ், புள்ள அசையுறாளில்ல."

அடுத்த பிள்ளைக்கு ஊசிமருந்து எடுத்துக்கொண்டிருந்த ஷானிகா திரும்பாமலே, "நேற்றும் அதைத்தானே சொன்னீங்க அம்மா?" என்றாள், அன்பாகத்தான்.

நுஸ்ராவுக்குப் பகீரென்றது. சொல்ல வேண்டிய சொல்லையெல்லாம் அவள் வீணாகச் செலவழித்திருந்தாள். இனி உண்மையைச் சொல்வதென்றால், பிள்ளை இத்தனை நாளும் நன்றாக இருந்தாள் என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய கண்ணூறு வேறென்ன? சில்லிட்ட பாதத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"மிஸ், நான் பத்து நாளும் பொய் சொன்னன்," என்றாள். "புள்ள நல்லாத்தான் இருந்தா. நல்லா உதைச்சா. கண்ணூறு படும் எண்டு மாத்திச் சொன்னன். வல்லாஹி, இண்டைக்குத்தான் உண்மை. உதைக்கிறாளில்ல."

ஷானிகா ஊசியைக் கீழே வைத்தாள். பிள்ளையின் நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தாள். அந்த இடம் வெளுத்தது. அது மறுபடி சிவக்கும்வரை வாய்க்குள் சிங்களத்தில் எண்ணினாள்: எக்க, தெக்க, துன, ஹதர. மூன்றுக்குள் சிவந்திருக்க வேண்டும். பிறகு மூக்குக் குழாயில் வெறும் ஊசிக்குழலைப் பொருத்தி இழுத்துப் பார்த்தாள். விடியற்காலை கொடுத்த பால் செரிக்காமல் அப்படியே திரும்பி வந்தது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. டொக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"இரத்தத்தில கிருமி போயிருக்கலாம்," என்றார் டொக்டர், இரத்தம் எடுத்துக்கொண்டே. "சோதனை முடிவு வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது." உடனே மருந்தை ஏற்றினார்கள்.

பின்னேரம் பிள்ளையின் மூச்சு இரண்டு தடவை நின்று வந்தது. இயந்திரம் அப்போதுதான் கத்தியது. மருந்து ஏறி ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. நுஸ்ராவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

கிருமி இருந்தது உண்மை என்று முடிவு வந்தது. "நல்ல நேரத்தில சொன்னீங்க," என்றார் டொக்டர். அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மருந்து தொடங்கி ஆறாம் நாள் பிள்ளையை மறுபடி அவள் நெஞ்சில் படுக்கவைத்தார்கள். சற்று நேரத்தில் விலாவில் ஓர் உதை. பிறகு இன்னொன்று.

"பிள்ளை எப்படி அம்மா?"

அறையில் வேறு நான்கு தாய்மார் இருந்தார்கள். நுஸ்ரா ஷானிகாவின் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: "நல்லா உதைக்கிறா மிஸ். மாஷா அல்லாஹ்."

ஷானிகா நிமிர்ந்தாள். "ஐயோ, இந்தப் பிள்ளைக்கு ஒண்டுமே ஏலாதே!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, உள்ளதை உள்ளபடி பிள்ளையின் குறிப்புத் தாளில் எழுதினாள்.