உட்கார்ந்து சிரிக்கவும்

கேக்குக்குள் முகம் புதைந்து கிடந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் கடைக் கிரீமில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று.

தப்பு முழுக்க என்னுடையது. கணவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். கேக்கில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடையில் நான் வேடிக்கையாகப் பேசக் கூடாது என்பது மச்சான் போட்ட சட்டம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடையில் பாதிதான் அவனுடையது, சட்டம் முழுக்க அவனுடையது.

"அம்பது மெழுகுவர்த்தியும் ஏத்தப் போறீங்களாம்மா? எதுக்கும் தீயணைப்பு வண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

பழைய சரக்கு. இதுவரை யாரும் சிரித்ததில்லை, அதனால் ஆபத்தும் இல்லை.

"அவருக்கு வேலையே அங்கதாங்க" என்றார் அந்த அம்மாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். "ஆனா வீட்டுல தோசைக்கல்லு புகைஞ்சா என்னைத்தான் கத்திக் கூப்பிடுவாரு."

சிரித்துவிட்டேன். தாடை தொங்கியது, கழுத்து தொங்கியது, முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. எதிரில் கேக் இருந்தது.

மச்சான் ஓடிவந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கி என் மூக்கைத் துடைத்துவிட்டான். "பயப்படாதீங்கம்மா, இப்ப எழுந்துருவாரு. நீங்க அதுக்குள்ள வேற கேக் பாருங்க." எனக்கு எல்லாம் கேட்டது. இந்த நோயின் விசேஷமே அதுதான். உடம்பு மூட்டையாகக் கிடக்கும், நான் உள்ளே விழித்துக்கொண்டு எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பேன். வாய்தான் அசையாது.

தூக்கம் எங்கே முடிகிறது, விழிப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் என் மூளைக்குக் குழப்பமாம். கனவு காணும்போது எல்லோருக்கும் உடம்பு தளர்ந்துபோகும், எனக்குச் சிரித்தாலே அது நடக்கிறது என்று மருத்துவரம்மா விளக்கினார். மற்றபடி பகலில் பேச்சுக்கு நடுவில் தூங்கிவிடுவேன், இரவில் துண்டு துண்டாக விழிப்பேன். மாத்திரையால் எல்லாமே கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேறு எதற்கு விழுந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். போயும் போயும் சிரிப்புக்கா? அதுவும் இவளைக் கட்டிக்கொண்ட பிறகா?

என் மனைவி ஒருவரைப் பார்த்தால் போதும், அவராகவே மாறிவிடுவாள். வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிற்கும்போது தொண்டையைச் செருமுவது, மச்சான் கண்ணாடியில் தலை சீவுவது, எல்லாம் அச்சு அசலாக வரும். என் அக்கா தொலைபேசியில் "நான் எதுவும் சொல்லலப்பா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதை இவள் செய்துகாட்டினால் நான் பாத்திரம் துலக்குவதை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

நோய்க்குப் பெயர் தெரிந்த நாளோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். இப்போது நாங்கள் வங்கி வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறோம். "மாத்திரை போட்டாச்சா?" "போட்டாச்சு." "சரி."

உட்கார்ந்துகொண்டு தாராளமாகச் சிரிக்கலாம் என்று மருத்துவரம்மா சொன்னபோது இவளும் பக்கத்தில்தான் இருந்தாள். பிறகு ஏன் என்று கேட்டால் வேலை இருக்கிறது என்பாள், மறந்துபோச்சு என்பாள். மச்சானைக் கேட்டால், "அக்கா மனசுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும் மாமா?" என்று முட்டையை உடைக்கப் போய்விடுவான்.

கேக்கில் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு சீக்கிரம் வீடு திரும்பியவன் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். உள்ளே என் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அக்கா இருப்பதோ வேறு ஊரில். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சுத் திணறச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசற்கதவில் காதை வைத்து முழுவதையும் கேட்டேன். உள்ளே போனதும், வாத்தியார் வந்த வகுப்பு மாதிரி இரண்டு பேரும் அடங்கிப்போனார்கள்.

கேக்கில் விழுந்த அன்று மாலை, துண்டின் நுனியை முறுக்கி என் காதிலிருந்து கிரீமை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய நாளாக இருந்தால் இது ஒரு மாதத்துக்குத் தாங்கும் சரக்கு. அவள் அடுத்த காதுக்குப் போனாள்.

"உட்கார்ந்துதான இருக்கேன்?" என்றேன். "ரெண்டு பக்கமும் தலையணை வெச்சிருக்கேன். பக்கத்துல கேக்கும் இல்ல. எங்க அக்கா மாதிரி ஒரே ஒரு தடவை பேசேன்."

"தலையை ஆட்டாத."

"பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் பேசிக் காட்டற. அது யாரோட அக்கா?"

கை நின்றது. "ஒட்டுக்கேட்டியா?"

"என் வீட்டு வாசல்ல நான் நின்னேன். ஏன் நிறுத்தினே? வேலை இருக்குன்னு சொல்லாத. மறந்துபோச்சுன்னும் சொல்லாத."

துண்டை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையணை ஒன்று கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"தினமும் வாய் வரைக்கும் வருது. உங்க அக்கா ஃபோனை வெச்சதும் உன்கிட்டதான் ஓடி வரணும்னு இருக்கும். ஆனா நீ சாய்ஞ்சதும் கண்ணு பாதி திறந்தபடி நின்னுடுது. கூப்பிட்டா பதில் இல்ல. உனக்கு எல்லாம் கேக்குதுன்னு டாக்டர் சொல்றாங்க, எனக்கு உன் குரல் கேக்கலையே. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை நீ எழுந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கறேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனா அப்படித்தான் நினைக்கறேன். உன்னைச் சிரிக்க வைக்க எனக்கு ஆசை. சிரிக்க வெச்சதுக்கு நீ ஒவ்வொரு தடவையும் செத்துப் போறதைப் பார்க்க என்னால முடியல."