நண்டு77 எழுதாமல் விட்ட விடை

1

இந்தக் கதை ஒரு துரோகத்தில் பிறந்தது. துரோகி நான். மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் நான் நல்லவனாக வந்துவிட்டேன். அதில் ஒன்று இப்படித் தொடங்கியது:

"ஒல்கின் நகரில் மின்சாரம் திரும்பிய ஒரு மதியம், எதிர்வீட்டுக்காரிக்கு உதவ ஓடினேன், அப்போது—"

[ஓடவில்லை. அவள்தான் வந்து மூன்று முறை கதவைத் தட்டினாள். அதுவும் ஒரு கரண்டி காபித்தூளுக்காக.]

2

தட்டியவள் ஒடால்மிஸ், பிரெஞ்சு ஆசிரியை. அண்ணன் மகன் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் யாரோ லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்திருந்தார்கள். படம் தெரியும், பாட்டு கேட்கும், மைக் மட்டும் ஊமை.

"செவ்வாய்க்கிழமை மெக்சிகோ பள்ளிக்கூடத்துக்காரங்க அந்த லேப்டாப்ல வீடியோ நேர்காணல் வச்சாங்க லெயோன்சியோ அண்ணே. நான் பேசப் பேச, கேக்கலன்னு காதைக் காட்டுறாங்க. ஊமைப்படம் மாதிரி வாயசைச்சேன். பத்து நிமிஷம் பாத்தாங்க. வேலையை வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க."

"முன்னாடியே என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க டைப்ரைட்டர்ல கதை எழுதுற ஆளு. உங்களுக்கு என்னத்தத் தெரியும்?"

கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். லினக்ஸ் பயனர்கள் கேள்வி கேட்கும் ஓர் இணைய மன்றம்.

"இதே லேப்டாப், இதே வியாதி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நண்டு77ன்னு ஒருத்தன் மூணு வாரம் அழுதிருக்கான். கடைசில 'சரியாகிவிட்டது. நன்றி'ன்னு எழுதிட்டுக் காணாமப் போயிட்டான். எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. நாலு தடவை கேட்டு எழுதினேன்.* நாசமாப் போறவன்!"

"நாசமாப் போகட்டும்" என்றேன்.

3

நண்டு77 நான்தான். [இதைக் கடைசிவரை ஒளித்து வைத்தால் கதை ருசிக்கும். ருசி பார்க்கும் யோக்கியதை எனக்கில்லை.]

அப்போது என்னிடமும் இதே ரக லேப்டாப் இருந்தது. பிறகு ஒரு மின்வெட்டு அதைத் தின்றுவிட்டது. மன்றத்து மேதாவிகள் மூன்று வாரம் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். "கையேட்டைப் படிடா." "எழுதப் படிக்கத் தெரியுமா?" அவர்கள் சொன்ன கட்டளைகளை எல்லாம் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தற்செயலாகத்தான் பிடிபட்டது. அந்த மைக்குக்கு இடம், வலம் என்று இரண்டு பக்கம். இரண்டும் ஒரே குரலை ஒன்றுக்கொன்று எதிராக அனுப்புகின்றன, சேர்த்தால் மௌனம். வலது பக்கத்தின் அளவை அடியோடு இறக்கினால் குரல் வந்துவிடும்.

இதை எழுத அரை நிமிடம் போதும். என்னைக் கேலி செய்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று எழுதாமல் விட்டேன். அவர்களுக்கு அந்த விடை ஒருநாளும் தேவைப்படவில்லை. ஒடால்மிஸுக்குத் தேவைப்பட்டது.

* நான்கு கேள்விகளும் எனக்கு மின்னஞ்சலில் வந்தன. படித்தேன். கேட்டவர் பெயர் 'புதியவள்3' என்றிருந்தது, யாரோ என்று விட்டுவிட்டேன். யாரோவாக இருந்தால் மட்டும் பரவாயில்லையா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

4

அவள் வீட்டுக்குப் போனேன். "தள்ளு, பாக்கலாம்" என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மைக்கின் வலது பக்கத்தை இறக்கினேன். "ஏதாவது பேசு."

அவளுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. நேர்காணலுக்கு மனப்பாடம் செய்ததுதான் வந்தது.

"வணக்கம். என் பெயர் ஒடால்மிஸ். பதினோரு ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். எனக்கு இந்த வாய்ப்பைத் தந்ததற்கு நன்றி."

பதிவு செய்ததைத் திருப்பிப் போட்டேன். தெருவில் ரொட்டிக்காரன் ஊதிய விசில்கூடத் தெளிவாகக் கேட்டது. இரண்டு முறை கேட்டாள். அப்புறம் அழுதாள்.

"உங்களுக்கு எப்படி அண்ணே தெரிஞ்சுது?"

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அறைகிறாள். பிறகு காபி போட்டுத் தருகிறாள். [அறை சரி. காபி மட்டும் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை.]

முடிவு இரண்டு: "குருட்டாம்போக்குல பண்ணினேன்" என்கிறேன். கட்டடம் முழுக்க என் புகழ் பாடுகிறாள். மறுநாள் மாடிவீட்டுக்காரர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு—

[வேண்டாம். இது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது.]

6

இரண்டில் எது நடந்தது, ஒடால்மிஸ் இன்னும் என்னோடு பேசுகிறாளா என்று கேட்பீர்கள். நாலு தடவைகூடக் கேட்பீர்கள்.

சரியாகிவிட்டது. நன்றி.