கசாப்புத் தெருவுக்கு வந்த சீர் அலமாரி

பிரான்சில் லிமோஷ் நகரத்துக் கசாப்புத் தெருவில் வீடு கட்டியவர்கள் மாட்டை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். முன்னால் கறிக்கடை, பின்னால் காளை தாராளமாகத் திரும்பி நிற்கிற வெட்டுக்கூடம், உச்சியில் தோல் காயப்போடக் காற்றோட்டமான பரண். மிஞ்சிய இண்டு இடுக்கில் மனிதர்களும் குடியிருந்து தொலைக்கட்டும் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள்.

அப்படியொரு வீட்டுக்குத்தான் கண்ணாடி வியாபாரியின் மகள் மார்செலின் மருமகளாக வந்தாள். கூடவே வால்நட் மரத்தில் ஒரு சீர் அலமாரியும் வந்தது. தன் தொழில் பெருமை ஊருக்கு விளங்கட்டுமென்று அப்பா அதன் கதவு முழுக்க நிலைக்கண்ணாடி பதித்திருந்தார்.

மாடிப்படியில் ஆளே ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அலமாரி முதல் படியிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"இந்த வீட்டுக்கு எவளும் இவ்ளோ பெரிய பொட்டியோட வந்ததில்ல," என்றாள் மாமியார் பெரின்.

"இதவிடப் பெரிய மாடெல்லாம் வருதே அத்தை?"

"வரும். மேல போறப்போ துண்டு துண்டாத்தான் போகும்."

மாப்பிள்ளை எலுவா அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. உடனே ரம்பத்தோடு வந்துவிட்டான். தெருவே கூடியது. மரவேலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எலும்பு பிரிக்கத் தெரியாதவரும் ஒருவர் இல்லை.

"தோள்பட்டையில வை எலுவா, பூ மாதிரி கழண்டு வரும்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அட போய்யா, தொடையில ஆரம்பிக்கணும்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மார்செலின் அலமாரியைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். குரல் நடுங்கியது, வாய் மட்டும் குறையவில்லை. "அறுங்க. என்னையும் சேர்த்தே அறுங்க. எடை கூடுமில்ல?"

எலுவா ரம்பத்தைக் கீழே போட்டான். அலமாரியை வெட்டுக்கூடத்திலேயே நிறுத்தினார்கள். "நாலு நாள் ரத்த வாடை பிடிக்கட்டும், அவளே ரம்பம் கேப்பா," என்று பெரின் மகனிடம் ரகசியம் சொன்னாள். தெருக்கோடி வரை கேட்டது.

மறுநாள் காலையில் ஈஸ்டருக்கு வாங்கிய காளையை ஓட்டிவந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே இன்னொரு காளை. இது முறைத்தது, அதுவும் முறைத்தது. இது தலையைத் தாழ்த்தியது, அதுவும் தாழ்த்தியது. சாகப்போகிற இடத்தில் சண்டை எதற்கென்று தோன்றியதோ என்னவோ, காளை கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தது.

பரம்பரை பரம்பரையாக மாட்டோடு பழகிய வீரர்கள் அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெரின் அந்த ஒடுக்கமான படியில் ஒருக்களிக்காமலேயே ஏறிவிட்டாள். கடைசியில் ஆற்றங்கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் ஈரப் போர்வையை அதன் தலையில் போட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள்.

மாடியிலிருந்து பெரின் கத்தினாள். "டேய் எலுவா! கொத்தனாரக் கூப்பிடு. ஜன்னல இடிச்சாவது அந்தச் சனியன மேல ஏத்து!"

ஜன்னலை இடித்தார்கள். தோல் தூக்கும் கப்பியில் அலமாரி முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் மாடிக்குப் போனது. மார்செலின் கீழே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

ஈஸ்டர் விருந்தில் காளையின் நாக்கு வெந்து வந்தது. அந்த வீட்டில் அதன் முதல் துண்டு, அதிகாரம் யாருடையதோ அவர் தட்டுக்குத்தான் போகும். பெரின் அதை வெட்டி, முகத்தைப் பார்க்காமல், மருமகள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. ஆறினா நல்லாருக்காது."

மார்செலினுக்கு நாக்கு அறவே பிடிக்காது. மிச்சம் வைக்காமல் தின்றாள்.